அவள் விழித்திருக்கும் நேரம்

1

எங்கள் கல்யாண நாளுக்கு என் மனைவியை முதலில் வாழ்த்தியது நான் இல்லை. மைக்கேல் என்று ஒரு கிழவர். அயர்லாந்துக்காரர், வயது எண்பதுக்கு மேல். என் மனைவி செல்வி நர்ஸாக இருக்கும் முதியோர் இல்லத்தில் அவர் தங்கியிருக்கிறார். செல்விக்கு அங்கே இரவு டூட்டி. மணி பன்னிரண்டைத் தாண்டியதும் அவர் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து வாழ்த்துச் சொல்லி, மேசை டிராயரில் வைத்திருந்த சாக்லேட்டையும் எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

காலையில் செல்வி வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே இதைச் சொன்னாள். நான் முந்தின நாள் சாயங்காலமே ஒரு பூங்கொத்து வாங்கி, குளியலறை வாளியில் தண்ணீர் விட்டு ஒளித்து வைத்திருந்தேன். அதை எடுத்து நீட்டக் கை வரவில்லை.

"அந்த ஆளுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"போன வாரம் பேச்சுவாக்குல நான்தான் சொன்னேன். மிக்கேல் தாத்தா மறக்கல பாருங்க, இந்த வயசுலயும். சாக்லேட்டுல பாதி நம்ம பிள்ளைக்கு வச்சிருக்கேன், மீதி உங்களுக்கு."

"எனக்கு வேண்டாம்."

நான் டிபன் பையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன். பூவை அவளே மத்தியானம் குளியலறைக்குப் போனபோது பார்த்திருக்கிறாள். சாயங்காலம் நான் வந்தபோது அது கண்ணாடித் தம்ளரில் மேசைமேல் இருந்தது.

அந்த வாரம்தான் இல்லத்தில் அவளிடம் ஒரு முடிவு கேட்டிருந்தார்கள். மாற்றி மாற்றி வந்த டூட்டி இனி கிடையாது. நிரந்தரமாகப் பகல் வேண்டுமா, நிரந்தரமாக இரவு வேண்டுமா, மாதக் கடைசிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். கொஞ்ச மாதங்களாக அவள் இரவில்தான் இருந்தாள். பகல் என்று எழுதினால் என் மனைவி எனக்குத் திரும்பக் கிடைப்பாள், இரவு என்று எழுதினால் அந்தக் கிழவரோடு போய்விடுவாள். என் புத்தி இப்படித்தான் போனது.

"நீங்க என்ன சொல்லுதீங்க?" என்று செல்வி கேட்டாள்.

"உன் இஷ்டம்."

"மூஞ்சிய இப்படித் தொங்கப்போட்டுக்கிட்டு இஷ்டம்னு சொன்னா நான் என்னத்தன்னு எடுத்துக்கிட?"

2

ஊரில் என்னைத் தெரிந்தவர்களுக்கு நான் அதிகம் பேசமாட்டேன் என்பதும் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்தவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுக் கடலுக்குப் போனேன். வள்ளத்தில் வலைத் தொழில். ஊர் தூங்கும்போது கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் கரைக்கு வருவோம். மீனை ஏலத்தில் போட்டுவிட்டு, குளித்துச் சாப்பிட்டுப் படுத்தால் மத்தியானம் முழுக்கத் தூக்கம். இருட்டியதும் மறுபடி கண் சொக்கும்.

இதை யாரும் எங்களுக்கு வகுத்துக் கொடுக்கவில்லை. காற்றும் நீரோட்டமும் எப்போது வா என்றனவோ அப்போது போனோம். கச்சான் காற்று ஓங்கி அடித்தால் வள்ளத்தை இழுத்துப் போட்டுவிட்டு வீட்டில் கிடப்போம். சனிக்கிழமை சாயங்காலம் வலையைக் காயப் போட்டால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, அன்றைய பொழுது சாயும் வரை ஒருவரும் கடலில் கால் வைப்பதில்லை. ஞாயிறு மத்தியானம் கறிக்குழம்பு வாசத்தோடு தெருவே தூங்கும். நாய்கூடக் குரைக்காது. அந்தத் தூக்கம் எப்பேர்ப்பட்டது என்று அப்போது எனக்குத் தெரியாது. இப்போது தெரிகிறது. இதைப் படிக்கிற நீங்கள் சாப்பிட்ட கையோடு படுக்கப் போவீர்கள் என்று நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குப் போகிற ஆள் வாசலைத் தாண்டும்போது வீட்டுக்குள் யாரும் படுத்துக் கிடக்கக் கூடாது. காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையைக்கூடத் தூக்கி மடியில் சாய்த்து உட்காரவைப்பார்கள். ஆள் தெருமுனை திரும்பியபிறகு படுத்துக்கொள்ளலாம். செல்வி எனக்கு வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து இதைத் தவறவிட்டதில்லை. நடுச்சாமத்துக்குப் பிறகு எழுந்து குசினியில் கருப்பட்டிக் காப்பி போட்டு, சோறு கட்டித் தந்து, நான் போகும்வரை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பாள். விடிந்ததும் டவுன் ஆஸ்பத்திரிக்கு டூட்டிக்குப் போவாள். நான் கரைக்கு வரும்போது அவள் வார்டில் நிற்பாள்.

அப்போதெல்லாம் அவள் முகம் எப்போதும் வாடித்தான் இருக்கும். அவள் முகமே அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

3

அயர்லாந்துக்குச் செல்விதான் முதலில் வந்தாள். அதற்குப் பிறகு நானும் மகள் ஜெனியும் வந்தோம். கடலோரம் ஒரு சின்ன ஊர். இங்கே மீன்பிடித் துறைமுகம்கூட இருக்கிறது, ஆனால் எனக்கு அதில் வேலை இல்லை.

வந்ததும் முதல் வேலை, இங்கே தங்குவதற்கான அட்டை வாங்குவது. அந்த அட்டை இல்லாமல் வேலைக்குப் போக முடியாது. வேலைக்குச் சேர்ந்தால் பாங்கில் கணக்கு வேண்டும். கணக்கு வேண்டுமென்றால் என் பெயரில் வீட்டுக்குக் கரண்டு பில் வர வேண்டும். பில்லில் பெயரை மாற்றக் கேட்டால் பாங்குக் கணக்கு எண்ணைக் கேட்டார்கள். இந்தச் சுற்றில் சில மாதம் போனது. கவுண்டரில் இருந்தவர் ஒருமுறை, "ஊரில் என்ன தொழில்?" என்று கேட்டார். ஜெனி சொன்னாள். அவர், "வேலை நேரம்?" என்று கேட்டார். நான் என்ன சொல்வது? காற்றைப் பொறுத்தது என்றேன். ஜெனி அதை அவரிடம் சொல்லவில்லை. வேறு ஏதோ ஒன்றைச் சொல்லிச் சமாளித்துவிட்டாள்.

கடைசியில் ஹோட்டல்களுக்குத் துணி துவைத்துக் கொடுக்கும் ஒரு சலவைக்கூடத்தில் வேலை கிடைத்தது. சூப்பர்வைசர் ஒரு போலந்துக்காரப் பெண்மணி. எனக்கு அப்போது தெரிந்த இங்கிலீஷ் 'நோ பிராப்ளம்' ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை வரமுடியுமா என்று அவர் கேட்டதற்கும் அதையே சொல்லியிருக்கிறேன். எங்கள் கரையில் கடலே ஓய்ந்து கிடக்கும் நாளில் நான் படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நாள் கழித்துத்தான் மாதம் ஒரு ஞாயிறு லீவு கேட்டு வாங்கினேன்.

முதல் கோடைகாலத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். எனக்குக் கடிகாரம் பார்த்து எழுந்து பழக்கமில்லை, வானம் பார்த்துத்தான் பழக்கம். ஒருநாள் கண் விழித்தால் ஜன்னலில் நல்ல வெளிச்சம். பிந்திவிட்டது என்று அரக்கப்பரக்கக் குளித்து, டிபனை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு ஓடினேன். பஸ் வரவில்லை. தெருவில் ஒரு ஆள் இல்லை. ரொம்ப நேரம் நின்றபிறகு ஒரு போலீஸ் கார் வந்து பக்கத்தில் நின்றது. உள்ளே இருந்தவர் ஏதோ கேட்டார். 'நோ பிராப்ளம்' என்றேன். அவர் கைக்கடிகாரத்தை என் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டினார். மணி ஐந்துகூட ஆகவில்லை.

கோடையில் இங்கே ராத்திரி பத்து மணிக்குக்கூட வானம் வெளுத்துக் கிடக்கும். குளிர்காலத்தில் மத்தியானச் சாப்பாடு செரிப்பதற்குள் இருட்டிவிடும். என் உடம்பு எதை நம்பும்? தூங்குகிற நேரத்தில் முழித்தது, முழிக்கிற நேரத்தில் தூங்கி விழுந்தது.

செல்வியின் உடம்பு மட்டும் இங்கே வந்து மலர்ந்துவிட்டது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

4

நான் வேலை முடிந்து ஆறு மணிக்கு வீட்டுக்குள் நுழைவேன். அவள் அப்போதுதான் தூங்கி எழுந்திருப்பாள். சாயங்காலத்துச் செல்வியை நீங்கள் பார்க்க வேண்டும். தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, மாதா பாட்டு முணுமுணுத்துக்கொண்டு குசினியில் ஒரே சமயத்தில் இரண்டு குழம்பு வைப்பாள். ஜெனியோடு சரிக்குச் சரி வாயாடுவாள். ஜெனி இங்கிலீஷில் சொல்வாள், இவளும் இங்கிலீஷில் திருப்பிக் கொடுப்பாள், இரண்டு பேரும் சிரிப்பார்கள். எனக்கு அந்த நேரம் கண் சொக்கும். தட்டின் முன்னால் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருப்பேன்.

"யப்பா, சோத்துக்குள்ள விழுந்துராதீங்க" என்பாள் ஜெனி.

இருபது வருடத்தில் நான் பார்க்காத ஒரு பெண் என் வீட்டில் நடமாடிக்கொண்டிருந்தாள். அவள் முழு விழிப்பாகி, பேச்சு சூடு பிடிக்கிற நேரத்துக்குக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். அந்த விழிப்பெல்லாம் யாருக்குப் போகிறது? இல்லத்தில் மற்றவர்கள் மாத்திரை போட்டுத் தூங்கிவிடுவார்கள். விழித்திருப்பது மைக்கேல் ஒருவர்தான். அவர் காலமெல்லாம் கலங்கரை விளக்கத்தில் வேலை பார்த்தவராம். ராத்திரி தூங்கிப் பழக்கமே இல்லையாம். ஆக, அந்தக் கட்டடத்தில் விழித்திருக்கும் இரண்டே உயிர்கள் என் மனைவியும் அவரும். தேநீர் போட்டுக் குடித்துக்கொண்டு பேசுவார்களாம்.

"என்னத்தப் பேசுவீக?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எல்லாந்தான். அவரு விளக்குல இருந்த கதையச் சொல்லுவாரு. நான் நம்ம ஊரச் சொல்லுவேன். சின்னப்பிள்ளையில சப்பரம் இழுக்குற ராத்திரி நான் மட்டும் விடிய விடியத் தூங்காம நிப்பேன்ல, அதச் சொன்னேன். நர்ஸிங் பரிச்சைக்கு எல்லாரும் படுத்தபொறவு முழிச்சு இருந்து படிச்சேன்ல, அத."

"என்கிட்ட நீ இதெல்லாம் சொன்னதே இல்லயே."

"நீங்கதான் ஏழு மணிக்கே குறட்ட விட்டுருவீங்களே. யார்கிட்டச் சொல்ல, தலகாணிகிட்டயா?"

ஜெனி சிரித்தாள். நானும் சிரிப்பதுபோல் வாயை வைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து எனக்கு ராத்திரித் தூக்கமும் போனது. அவள் கிளம்பியபிறகு படுப்பேன். கண்ணை மூடினால் தேநீர்க் கோப்பையும் அந்தக் கிழவரும்தான் தெரிவார்கள். எழுந்து போய் ஜன்னலில் நிற்பேன். இங்கிலீஷில் சிரிக்கிற செல்வி எப்படி இருப்பாள்? மாதா பாட்டு அவருக்கும் கேட்குமா? நான் கடலில் நின்று கலங்கரை விளக்கைப் பார்த்துக் கரை சேர்ந்தவன். விளக்குக்குள் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பான், அவன்மேல் எனக்கு இத்தனை ஆத்திரம் வரும் என்று கனவில்கூட நினைத்ததில்லை.

காலையில் அவள் வருவதற்கும் நான் கிளம்புவதற்கும் நடுவில் கால் மணி நேரம்தான். அவளுக்குக் கால் நிற்காது, உடையைக்கூட மாற்றாமல் கட்டிலில் சாய்வாள். நான் வாசலில் போய் நின்றுகொள்வேன். இங்கே கடல் இல்லை, வள்ளம் இல்லை, சலவைக்கூடத்துக்குத்தான் போகிறேன். ஆனாலும் வீட்டில் ஆள் படுத்துக் கிடக்கும்போது வாசலைத் தாண்ட என் கால் வராது. "ஏளா, நான் கிளம்புதேன்" என்று குரல் கொடுப்பேன். அவள் கண்ணைத் திறக்காமலே எழுந்து உட்காருவாள். அப்புறம்தான் நான் போவேன்.

உள்ளதைச் சொல்கிறேன், வழக்கத்துக்காக மட்டும் அப்படிச் செய்யவில்லை. ராத்திரி முழுக்க அவருக்காக உட்கார்ந்திருந்தவள், எனக்காக ஒரு நிமிஷம் உட்காரட்டும் என்று இருந்தது.

5

கல்யாண நாள் கழிந்த மறுவாரம் ஒருநாள், சலவைக்கூடத்தில் மத்தியானம் டிரையரிலிருந்து விரிப்புகளை எடுத்துத் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டிருந்தேன். டிரையரிலிருந்து வருகிற துணி எப்படி இருக்கும் தெரியுமா? வெயிலில் காய்ந்த மணல்போல் இதமான சூடு. ராத்திரி முழுக்க ஜன்னலில் நின்றவன் நான். விரிப்பைச் சரிசெய்யக் குனிந்தேன். குனிந்தது வரைக்கும்தான் ஞாபகம்.

யாரோ தோளைத் தட்டினார்கள். கண்ணைத் திறந்தால் நான் வண்டிக்குள் சுருண்டு கிடக்கிறேன். சுற்றிலும் கூட வேலை பார்க்கிறவர்கள். ஒருத்தன் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். சூப்பர்வைசர் அம்மா, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். வெட்கத்தில் ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டேன். டாக்டரைப் பார்த்துக் கடிதம் வாங்கிக்கொண்டு வா, அதுவரை வேலைக்கு வர வேண்டாம் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து சத்தம் போடாமல் கதவைத் திறந்தேன். அறைக்குள் செல்வி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் உடை அப்படியே இருந்தது. கால் இரண்டும் தரையில். முதுகு சுவரில் சாய்ந்து, கழுத்து ஒடிந்ததுபோல் ஒரு பக்கமாய்த் தொங்கியது. வாய் லேசாகத் திறந்திருந்தது. காலையில் நான் குரல் கொடுத்தபோது எழுந்து உட்கார்ந்தவள், அப்படியே தூங்கிப்போயிருந்தாள். இத்தனை நேரமும் அப்படியே.

பக்கத்தில் போய் அவள் தலையைத் தாங்கினேன். அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"போயிட்டீங்களா?" என்றாள். "நான் படுத்துக்கிடட்டுமா?"

"படு" என்றேன். "போயிட்டேன். படு."

காலைத் தூக்கிக் கட்டிலில் போட்டு, கழுத்துக்குத் தலையணை வைத்தேன். குசினிக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். பொறாமை எங்கேயும் போய்விடவில்லை. ஆனால் அதைத் திருப்பிவிட வேறு ஆள் கிடைக்காமல் கொஞ்ச நேரம் சும்மா இருந்தது.

6

டாக்டரிடம் ஜெனிதான் கூட வந்தாள். பதினைந்து வயது. அப்பாவுக்காக இங்கிலீஷ் பேச வேண்டியிருப்பதில் அவளுக்கு வெட்கம். கூட்டாளிகள் யாரும் பார்க்கிறார்களா என்று தெருவைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

டாக்டர் இளவயதுப் பெண். தூக்கத்தில் என்ன சிரமம் என்று கேட்டார். நான் ஜெனியைப் பார்த்து விவரமாகச் சொன்னேன். ஊரில் எந்த நேரம் எழுந்தேன், கச்சான் அடித்தால் எப்படி, வாடை அடித்தால் எப்படி, மத்தியானம் எவ்வளவு தூங்குவேன், இங்கே வெளிச்சம் எப்படி என்னை ஏமாற்றுகிறது, எல்லாவற்றையும் சொன்னேன். என் வாழ்க்கையில் யாரிடமும் நான் அவ்வளவு நேரம் பேசியதில்லை. ஜெனி டாக்டரிடம் திரும்பி ஒரே ஒரு வரி சொன்னாள்.

"அவ்வளவுதானா?" என்றேன்.

"அவ்ளோதாம்ப்பா. அவங்களுக்குக் கச்சான் காத்தெல்லாம் வேண்டாம்."

டாக்டர் மறுபடி ஏதோ கேட்டார். இந்தத் தடவை ஜெனி என்னிடம் கேட்காமலே பதில் சொன்னாள். கொஞ்சம் நீளமாகவே சொன்னாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கடிதம் கொடுத்தார். உங்கள் உடம்பு எந்த நேரத்தில் தானாக விழிக்கிறதோ அந்த நேரத்துக்குத் தகுந்த வேலை கிடைக்குமா பாருங்கள், மாத்திரை இப்போதைக்கு வேண்டாம் என்று சொன்னதாக ஜெனி சொன்னாள்.

வெளியே வந்ததும் கேட்டேன். "நடுவுல நீயா என்னமோ சொன்னியே, என்ன அது?"

"மனசுல ஏதும் கவலையான்னு கேட்டாங்க. எங்கம்மா நைட் டூட்டி போனா விடியுற வரைக்கும் ஜன்னல்ல நிக்காருன்னு சொன்னேன்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நானும் முழிச்சுத்தான கிடக்கேன். எனக்கு அப்பதான் தெளிவா இருக்கும். அம்மா மாதிரி."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரே வீட்டில், ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இவளும் இந்தப் பக்கம் நானும் விழித்துக் கிடந்திருக்கிறோம். "செல்போனப் பாத்துக்கிட்டுக் கிடக்கியா?" என்று திட்ட வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"யப்பா, அம்மாவ டே டூட்டி எழுதச் சொல்லப் போறீங்களா?"

"ஏன்?"

"அம்மா டே டூட்டில இருந்தப்ப எப்படி இருந்தாங்கன்னு ஞாபகம் இருக்கா? எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழுவாங்க. ஊர்ல இருந்த மாதிரியே." அப்புறம் காதில் பாட்டு கேட்கும் குமிழ்களைச் செருகிக்கொண்டாள்.

7

மாதக் கடைசி நெருங்கியது. முதியோர் இல்லத்தில் ஒரு ஞாயிறு மத்தியானம், ஊழியர்களின் குடும்பங்களைத் தேநீருக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அது என் லீவு ஞாயிறு. இந்த மாதிரி இடங்களுக்கு நான் போகவே மாட்டேன். கூட்டத்தைக் கண்டால் எனக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியாது. ஆனால் அந்த ஆளை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது. நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, முகத்தை மழித்துக்கொண்டு போனேன். செல்விக்கு ஆச்சரியம்.

தோட்டத்தில் மேசை போட்டு கேக்கும் தேநீரும் வைத்திருந்தார்கள். செல்வியைப் பார்த்துப் பலர் கையசைத்தார்கள். "எங்க, உங்க மிக்கேல் தாத்தா?" என்று கேட்டேன்.

"அந்தா."

சுவரோரம் வெயிலில் ஒரு சக்கர நாற்காலி. அதில் ஒரு மெலிந்த உடம்பு. தலை மார்பில் கவிழ்ந்திருந்தது. வாயோரம் எச்சில் வழிந்திருந்தது. கை இரண்டும் மடியில் கிடந்தன. அத்தனை பேச்சுக்கும் சிரிப்புக்கும் நடுவில் அவர் அடித்துப்போட்டதுபோல் தூங்கிக்கொண்டிருந்தார். நான் சண்டைக்குத் தயாராகி வந்தவன். எதிராளி இப்படிக் கிடந்தால் என்ன செய்ய?

பகல் டூட்டியில் இருந்த ஒரு பெண் வந்து, "எழுப்பட்டுமா? உங்கள் வீட்டுக்காரரைப் பார்த்தால் சந்தோஷப்படுவார்" என்று கேட்டாள். செல்வி உடனே தடுத்தாள். சரிந்த போர்வையை அவர் மடிமேல் இழுத்துவிட்டாள். எச்சிலைத் துடைத்தாள்.

"எழுப்ப வேண்டாம்" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "அவருக்கு இதுதான் நடுராத்திரி. பாவம்."

எனக்கு ஒரு நொடி உள்ளே பற்றிக்கொண்டது. ஒரு மனுஷனின் நேரத்தை இவ்வளவு பக்குவமாக இவள் பார்க்கிறாளே, என் நேரத்தை இப்படி யார் பார்த்தார்கள்? அப்படி நினைத்த மறுநிமிஷம் ஊர் ஞாபகம் வந்தது. மத்தியானம் நான் தூங்குகிற நேரத்தில் தெருவில் பிள்ளைகள் பந்து விளையாடினால், லீவு நாளில் அவள் வாசலில் போய் நிற்பாள். "அங்கன போயி ஆடுங்கலே, மாமா தூங்குதாவ" என்று விரட்டுவாள். எனக்குத் தூக்கத்திலேயே அது கேட்கும். கேட்டுக்கொண்டே புரண்டு படுப்பேன்.

கூட்டம் முடிந்து பஸ் நிறுத்தத்தில் நின்றோம். ஜெனி வரவில்லை, இரண்டு பேர்தான். செல்விக்குக் கொட்டாவியாய் வந்தது. பகலில் விழித்திருந்தால் அவளுக்கு அப்படித்தான்.

"ராத்திரின்னே எழுதிக் குடுத்துரு" என்றேன்.

"மனசாரச் சொல்லுதீங்களா?"

"இல்ல."

"பின்ன?"

சுற்றிலும் பார்த்தேன். எங்களைத் தவிரத் தமிழ் தெரிந்தவர்கள் யாரும் இந்த ஊரில் கிடையாது. ஆனாலும் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னேன். "பொறாமையாத்தான் இருக்கு."

"யார் மேல?"

நான் இல்லம் இருந்த திசையைப் பார்த்தேன். அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அந்தத் தாத்தா மேலயா? சக்கர நாக்காலியில இருக்குற மனுஷன் மேலயா?" அவளால் அடக்க முடியவில்லை. குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "இதுக்காகவா ஒரு மாசமா மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தீங்க? எய்யா சாமி!"

எனக்குக் காது சுட்டது. ஆனால் அவள் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பட்டப்பகலில், கண் நிறையத் தூக்கத்தோடு, தமிழில் சிரித்தாள். எனக்காகச் சிரித்தாள்.

பஸ் வந்து உட்கார்ந்தபிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "கோவப்படாமக் கேளுங்க. உங்க நேரத்துக்கு நான் ரொம்ப வருசம் முழிச்சேன். அது ஒண்ணும் கஷ்டமா இல்லன்னு சொன்னா பொய்யி. இப்பதான் என் நேரத்துக்கு முழிக்கேன். இதையும் விட்டுரச் சொன்னா விட்டுருதேன். ஆனா பழைய மூஞ்சிதான் உங்களுக்குக் கிடைக்கும்."

மறுநாள் அவள் இரவு என்று எழுதிக் கொடுத்தாள்.

8

டாக்டர் கடிதத்தோடு வேலைக்குப் போனபோது ஒரு வாக்கியம் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். ஜெனி எழுதிக் கொடுத்து, என்னைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்து, உச்சரிப்பைக் கேலி செய்து, கடைசியில் "பரவால்லப்பா, புரியும்" என்று அனுப்பிவைத்தாள். சலவைக்கூடத்தில் விடியற்காலை ஷிஃப்ட் ஒன்று உண்டு. இருட்டோடு வந்து கொதிகலனைப் போட்டு, முதல் துணியை ஏற்ற வேண்டும். அதற்கு ஆள் நிற்பதே இல்லை, சேர்கிறவர்கள் சில வாரத்தில் ஓடிவிடுவார்கள். அதை எனக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். சூப்பர்வைசர் அம்மா நம்பாமல் இரண்டு தடவை கேட்டார். அப்புறம் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒரு பழைய சைக்கிளும் வாங்கிக்கொண்டேன்.

இப்போது நான் தானாகக் கண் விழிக்கிற நேரத்தில் வேலைக்குப் போகிறேன். தெரு காலியாக இருக்கும். கடல் பக்கமிருந்து காற்று வரும். எங்கள் காற்று இல்லை, குளிர் எலும்பைக் குத்தும். ஆனாலும் உடம்புக்கு அந்த நேரம் தெரிகிறது. போலீஸ் கார் எதிரே வந்தால் உள்ளே இருப்பவர் கையசைக்கிறார். நான் கிளம்பும்போது செல்வி வீட்டில் இருப்பதில்லை. ஜெனி அவள் அறையில் படுத்துக் கிடக்கிறாள், தூங்குகிறாளோ போனைப் பார்க்கிறாளோ, நான் கேட்பதில்லை. மெதுவாகக் கதவைச் சாத்திவிட்டுப் போகிறேன். முதல் சில நாள் கால் தயங்கியது.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.

முதல் நாள் அப்படி வந்தபோது அறையில் திரைச்சீலை போட்டு இருட்டாக இருந்தது. செல்வி கட்டில் முழுவதையும் பிடித்துக்கொண்டு குறுக்கே கிடந்தாள். நல்ல தூக்கம். சாப்பிட்டுவிட்டு வந்து அவளை மெல்ல ஒரு பக்கமாகத் தள்ளி இடம் பண்ணினேன். அவள் போர்வையை இழுத்துக்கொண்டாள். எங்களுக்குக் கல்யாணமானபிறகு ஞாயிற்றுக்கிழமை இல்லாத ஒரு நாளில், மத்தியானம் இரண்டு பேரும் ஒரே கட்டிலில் படுத்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். பக்கத்தில் படுத்து அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவள் தூக்கத்தில் ஏதோ முனகினாள். காதைக் கொடுத்தேன்.

"ஒன் மினிட், மைக்கேல்" என்றாள். "ஐ ஆம் கமிங்."

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். பட்டப்பகலில், என் கட்டிலிலேயே! தோளைத் தட்டி எழுப்பிக் கேட்டுவிடலாமா என்று கை போனது. அவளுக்கு நடுராத்திரி. கையை எடுத்துக்கொண்டேன். அந்தக் கிழவருக்குத் தண்ணீர் வேண்டுமோ, போர்வை வேண்டுமோ, போய்க் கொடுத்துவிட்டு வரட்டும் என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் தூக்கம் வந்துகொண்டிருந்தது.